மூன்றாம் ஓலைக்கு முன்

ஜூலை 9, 2024, செவ்வாய்

மாலை நடையில் மதார் சாகிப்பிடம் மகள் ஜானட்டின் கல்யாணப் பேச்சைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். திருவொற்றியூர் வரை அவருக்குத் தெரியாத ஆளில்லை.

"யாரு, ஜெரியா? கண்டெய்னர் ஓட்டிக்கினு இருந்தானே, அவனா? நல்ல பையன்தான் நைனா" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவன் மேல ஒரு கேஸ் இருந்துச்சு. இன்னா கேஸுன்னு நெனப்பில்ல. வுடு. இந்தப் பக்கம் யார் மேலதான் கேஸ் இல்ல?"

என் மேல் இல்லை. எழுபத்து நான்கு வயதில் ஒரு காவல் நிலையத்துக்குள் கால் வைத்ததில்லை.

இரவு ஜானட் பணிக்குக் கிளம்பும்போது கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜூலை 11

கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். "நீங்க விசாரிச்சு விசாரிச்சே எனக்கு முப்பத்தேழு வயசாயிடுச்சுப்பா." சென்ற மாதம் ஜெரியை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று இதைத்தான் சொன்னாள். அவன் எதிரிலேயே.

எனவே அவளிடம் கேட்பதில்லை. ஆவணம் இருந்தால் ஆவணம் பேசட்டும். பெரம்பூர் பணிமனையில் வரைபடப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவன். யார் வாய்ச்சொல்லையும் நம்பிக் கோடு இழுத்ததில்லை.

காவல்துறை இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது. நிலையம், ஆண்டு, எண் கேட்கிறது. மூன்றும் என்னிடம் இல்லை. வாடகைக்கு வருபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேறொரு பக்கம். ஜெரி என் வீட்டுக்குக் குடிவருவதாகப் போட்டால் அவர்களே விசாரித்துச் சொல்லிவிடுவார்கள். பாதி நிரப்பினேன். பொய்யான விண்ணப்பம். மூடிவிட்டேன்.

ஜூலை 15

துணிந்து காவல் நிலையத்துக்கே போனேன். வாசலில் வெகுநேரம் நின்றேன். உள்ளே எழுத்தராக இருந்த காவலர் இளைஞர். ஜெரியின் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன்.

"நீங்க யாரு அவருக்கு?"

"இப்போதைக்கு யாரும் இல்லை."

"பொண்ணு குடுக்கப் போறீங்களா?" சிரித்துவிட்டார். "சார், ஸ்டேஷன்ல ஜாதகமெல்லாம் பாக்கறதில்ல. ஆர்டிஐ போடுங்க."

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நியாயமான சிரிப்புத்தான். மறுநாளே தகவல் உரிமைச் சட்ட மனு எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்ப முடிவு செய்தேன்.

ஜூலை 16

அனுப்பியாயிற்று.

ஜூலை 21, ஞாயிறு

பூசை முடிந்து ஜெரியும் அவன் அத்தை சிலுவையம்மாளும் சாப்பிட வந்தார்கள். அவனுக்குப் பெற்றோர் இல்லை. வளர்த்தது இந்த அம்மாள்தான். இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு சரக்குப்பெட்டக முற்றத்தில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் இயந்திரம் ஓட்டுகிறான். நாற்பத்தொரு வயது. அளவாகச் சாப்பிடுகிறான். அளவாகப் பேசுகிறான். அந்த அளவுதான் எனக்கு உறுத்துகிறது.

"லாரி வேலையை ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன்.

"போதும்னு ஆயிடுச்சு சார்."

சொல்லும்போது ஜானட்டைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவே ஏதோ ஒன்று போய் வந்தது. நான் கண்டேன்.

எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு, எந்தத் தடம் என்று அடுத்தடுத்துக் கேட்டிருப்பேன் போலிருக்கிறது. அத்தை குறுக்கே வந்துவிட்டார். "இன்னாபா நீ, புள்ளைய பரிச்ச ஹால்ல குந்த வச்சா மாரி கேட்டுகினே கீற. வஞ்சிரத்த துண்ணு, ஆறிப்பூடப் போவுது."

எல்லோரும் சிரித்தோம். ஜெரி கடைசியாகச் சிரித்தான்.

செப்டம்பரில் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஏற்பாடு. மூன்று ஞாயிறு வாசித்து, தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 2

கிடைத்துவிட்டது.

நீதிமன்றங்களின் இணையதளத்தில் பெயரை வைத்துத் தேடலாம். இத்தனை நாள் சென்னை மாவட்டம் என்று போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். திருவொற்றியூர்ப் பகுதி வழக்குகள் அப்போது திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் இருந்தன என்பது இன்று காலைதான் புத்தியில் உறைத்தது. மாவட்டத்தை மாற்றினேன். படத்தில் கோணல் மாணலாகக் காட்டும் எழுத்துகளை நான்கு முறை தப்பாக அடித்தேன். ஐந்தாவது முறை திறந்தது.

ஜெரி, தந்தை பெயர் ஞானப்பிரகாசம். 2017. பிரிவுகள் 279, 304-ஏ. வழக்கு முடிந்தது.

304-ஏ என்ன என்று பார்த்தேன். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்.

ஒரு மனிதர் செத்திருக்கிறார். எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து "போதும்னு ஆயிடுச்சு" என்று சொன்னது இதைத்தானா?

மகிழ்ச்சியாக இருந்தது. எதற்கு மகிழ்ச்சி? நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது என்றா? வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இருந்தது.

ஆகஸ்ட் 5

நீதிமன்றம் போனேன். வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால் காரணம் சொல்லி மனுவும் உறுதிமொழிப் பத்திரமும் தர வேண்டுமாம். மனோகரன் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்தார்.

"காரணம் இன்னா போடட்டும்?"

"குடும்ப விஷயம்."

"குடும்பம்னா? சொத்தா?"

"மகள்."

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அப்புறம் எழுதினார். இவர் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்று திரும்பும் வழியெல்லாம் நினைப்பு. பேருந்தில் பின்னால் உட்கார்ந்தவர்கூடத் தெரிந்தவர் மாதிரி இருந்தார்.

ஆகஸ்ட் 14

காவல்துறைப் பதில் வந்தது. மூன்றாம் நபரின் சொந்தத் தகவல், தர இயலாது. ஒரே பத்தி. மொழி பிழையில்லாமல் இருந்தது.

ஆகஸ்ட் 27

நகல் கையில்.

எண்ணூர் நெடுஞ்சாலை. மாலை. இறந்தவர் வேம்பு, எர்ணாவூர், சுமை தூக்கும் தொழிலாளி. சைக்கிளோடு வந்தவர். சரக்குப்பெட்டக லாரி மோதி அதே இடத்தில் மரணம். புகார் கொடுத்தவர் மனைவி செங்கொடி. விசாரணைக்கு வேலையே இல்லை. எதிரி, அதாவது ஜெரி, முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான். நீதிமன்றம் கலையும்வரை காவல், அபராதம்.

இரண்டு இடங்களில் பென்சிலால் கோடிட்டேன். முதல் தகவல் அறிக்கையில் ஓட்டுநரின் பெயர் இல்லை. 'லாரியின் ஓட்டுநர்' என்று மட்டும் இருக்கிறது. கைது மூன்றாம் நாள்தான்.

நடுவில் எங்கே இருந்தான்? ஓடியிருக்கிறான். வேறென்ன? அடித்துப் போட்டுவிட்டு ஓடி, யாரோ புத்தி சொல்லித் திரும்பி வந்திருக்கிறான். விபத்து யாருக்கும் நேரலாம். ஆனால் ஓடியவன், நாளைக்கு இவளுக்கு ஒன்று என்றால் நிற்பானா?

ஆகஸ்ட் 28

ஜானட் பணி முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நகலை எதிரில் வைத்தேன்.

முதல் பக்கத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். மீதியைப் படிக்கவே இல்லை.

"எனக்குத் தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

"மூணு நாள் ஓடியிருக்கான்மா."

"ஓடல."

"அப்ப எங்க இருந்தான்?"

"அத நான் சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்." எழுந்து டம்ளரைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, "கோர்ட்டுக்கெல்லாம் போனீங்களா? தனியாவா? இந்த வெயில்லயா? ஏம்ப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறத விட அது சுலபமா இருந்துதா உங்களுக்கு?"

உண்மையைச் சொன்னால், ஆமாம், அதுதான் சுலபமாக இருந்தது.

வாக்குக் கொடுத்தாளாம். யாருக்கு? எதை மறைக்க? சாதாரண விபத்துக்கு வாக்கு எதற்கு? குடித்திருந்தானா? வண்டியில் வேறு ஏதாவது இருந்ததா?

ஆகஸ்ட் 31

மூன்று நாளாகப் பேசவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறாள். மாத்திரையை எடுத்து வைத்திருக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

பூசைக்குப் பிறகு பங்குத்தந்தையிடம் நகலைக் காட்டினேன். ஓலையைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன்.

பொறுமையாகப் படித்தார். "அருள்நாதன் ஐயா, இது திருமணத் தடை இல்ல. தண்டனையும் முடிஞ்சுபோச்சு. உங்களுக்கு மனசு ஒப்பலன்னா ஒரு வாரம் தள்ளலாம். எட்டாம் தேதி மாதா திருவிழாக் கூட்டமாவும் இருக்கும். பதினஞ்சாம் தேதி முதல் ஓலை." பிறகு, "பையன்கிட்ட நேரா கேட்டீங்களா?"

எல்லோரும் இதையே கேட்கிறார்கள். அவன் சொல்வதை எதை வைத்துச் சரிபார்ப்பது?

ஒருத்தர் இருக்கிறார், சரிபார்க்க. நகலில் முகவரி இருக்கிறது. கணவனை இழந்தவருக்கு இவனைக் காப்பாற்ற எந்தக் காரணமும் இருக்காது.

செப்டம்பர் 4, புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

எர்ணாவூரில் செங்கொடியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் கையில் இருந்த பைலைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"எந்தக் கம்பெனி? இன்சூரன்ஸா? இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு? எல்லாம் கோர்ட்ல சொல்லியாச்சு, போ போ."

"கம்பெனி இல்லம்மா. ஜெரியைக் கட்டிக்கப் போற பொண்ணோட அப்பா."

நம்பவில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கைபேசியை எடுத்தார். "டேய் ஜெரி, ஒரு பெரியவர் வந்துகீறாரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுகினு, கைல பைலு. உன் மாமனாரா?" கேட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "சட்ட மேல் பட்டன் வரிக்கும் போட்டுகீறாரு... ஆமாவா? சரி வை."

ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "குந்து பெரியவரே. இன்னா தெரியணும்?"

"மூணு நாள் அவன் எங்கே ஓடியிருந்தான்?"

"ஓடினானா? யாரு, ஜெரியா?" சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சொன்னதை நினைவில் இருக்கும்வரை எழுதுகிறேன்.

"அவன் வண்டியே ஓட்டல. ஹார்பர் லைன் தெரியும்ல உனக்கு? ரெண்டு நாளு மூணு நாளு வண்டிங்க அப்படியே நிக்கும். டிரைவருங்க துண்ணப் போவாங்க, குளிக்கப் போவாங்க. முன்னாடி வண்டி நவுந்துச்சுன்னா கிளீனருதான் நவுத்துவான். எல்லா வண்டிலயும் அப்படித்தான். அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு சைக்கிள தள்ளிகினு ரெண்டு வண்டிக்கு நடுவுல பூந்தாரு. கிளீனரு பாக்கல. அவ்ளோதான், முட்ஞ்சிபோச்சு."

"அப்ப ஏன் ஜெரி..."

"கிளீனருக்கு லைசென்சு கெடயாது. லைசென்சு இல்லாதவன் இடிச்சான்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான்னு சொன்னாங்க. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. சாவு வூட்டுல அழுவக்கூட முடில பெரியவரே, இதே யோசன. மூணாம் நாளு நானேதான் ஜெரி வூட்டுக்குப் போனேன். கால்ல வுயுந்தேன். நீ ஓட்டினேன்னு சொல்லுப்பான்னேன்."

"உடனே ஒத்துக்கிட்டானா?"

"இல்ல. பேசவே இல்ல. நான் வந்துட்டேன். கொஞ்ச நேரம் கயிச்சு சைக்கிள்ல வந்தான். 'சாவி குடுத்துட்டுப் போனது நாந்தானேக்கா'ன்னான். நேரா ஸ்டேஷனுக்குப் போய்ட்டான்."

மூன்றாம் நாள். நான் பென்சிலால் கோடிட்ட மூன்றாம் நாள்.

கேஸில் இழப்பீடு தீர்ப்பாகிவிட்டதாம். இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு போட்டிருக்கிறது. ஓட்டியவன் வேறு ஆள் என்று நிரூபிக்க ஆள் வைத்துத் துருவுகிறார்களாம். பெரிய பெண் மகிழினி கல்லூரியில் இருக்கிறாள்.

கிளம்பும்போது சொன்னார்: "உன் பொண்ணுக்கு அவன் சொன்னான். என்கிட்ட கேட்டுட்டுதான் சொன்னான். கட்டிக்கப் போறவகிட்ட மறைக்க முடிலக்கான்னான். இப்ப நீ பைல தூக்கிகினு ஊரெல்லாம் அலஞ்சீன்னா, என் புள்ளைங்க கதி இன்னா?"

ஒரு பை மாவைக் கையில் திணித்தார்.

செப்டம்பர் 5

ஆனால் இதையும் நம்புவதா? ஜெரியிடம் கைபேசியில் பேசிய பிறகுதானே கதவைச் சாத்தினார். சொல்லிவைத்துப் பேசியிருக்கலாம். இழப்பீடு தீர்ப்பான பிறகு அந்த அம்மாளுக்கு அவன்மேல் நன்றி இருக்கும். என் புத்தி இப்படித்தான் போகிறது. நிறுத்த முடியவில்லை.

உண்மை என்றால் அது மோசடி. கோர்ட்டை ஏமாற்றியது. பொய் என்றால் அவன் ஓடியவன். இரண்டில் எது எனக்குப் பரவாயில்லை?

மாலையில் அவனே வந்தான். ஜானட் இல்லை. உள்ளே கூப்பிட்டேன், வாசல்படியிலேயே நின்றான்.

"அக்கா சொன்னாங்க."

"நீ சொல்லு."

"நான் டீ குடிக்கப் போனேன் சார். சாவியைக் குடுத்துட்டுப் போனேன். சத்தம் கேட்டுத் திரும்பி வந்தேன்." பிறகு, "ஓட்டலன்னு வெச்சுக்கங்க, ஓட்டினேன்னு வெச்சுக்கங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. அந்த டீ குடிக்காம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு."

"இதுக்கு என்ன ஆதாரம்?"

"ஒண்ணும் இல்ல சார். நம்ப வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்ப வேண்டாம் என்றுதான் சொன்னான். போய்விட்டான்.

செப்டம்பர் 11, புதன்

பயந்தது நடந்துவிட்டது.

ஜெயவேல் என்று ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இனிமையான பேச்சு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரிப்பவராம். நீதிமன்றத்தில் அதே வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். என் நகல் மனு அதில் இருந்திருக்கிறது, முகவரியோடு. காரணம், குடும்ப விஷயம், மகள்.

ஆக, நான்தான் வழி காட்டியிருக்கிறேன்.

"உங்களுக்கும் அந்த ஆள் மேல சந்தேகம் இருக்குதுல்ல சார்? தப்பே இல்ல. ஒரு தகப்பனா நானும் இதைத்தான் செய்வேன். நீங்க கேள்விப்பட்டதை மட்டும் சொல்லுங்க. ஓட்டினது வேற யாரோன்னு பேச்சு இருக்குது. பொய் சொல்லி கேஸை ஏத்துக்கிட்டான்னு ஆனா, அவன் உள்ள போவான். உங்க பொண்ணும் தப்பிச்சுடும்."

ஒரு வார்த்தை போதும். ஜூலையிலிருந்து நான் தேடியது இதுதான்: கல்யாணத்தை நிறுத்த நியாயமான, சட்டப்படியான ஒரு காரணம். அதைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறார். நான் நிறுத்தியதாகக்கூட யாருக்கும் தெரியாது.

தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். ஜானட் இரவுப் பணி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் புருவம் சுருக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

திரும்பி வந்து சொன்னேன். "ஆமாம், விசாரிச்சேன். அவன்தான் ஓட்டியிருக்கான். அவனே என்கிட்ட ஒத்துக்கிட்டான்."

"அவரே சொன்னாரா?"

"இதே இடத்துல நின்னு சொன்னான். ஒருத்தரைக் கொன்னவனுக்குப் பொண்ணு குடுக்கணுமான்னுதான் ஒரு மாசமா எனக்குக் குழப்பம்."

என் குரல் நடுங்கியது. வயதானவன் கவலையில் நடுங்குகிறான் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

"எர்ணாவூர் போயிருந்தீங்களாமே?"

"மாவு வாங்க."

"ராயபுரத்துல மாவு கெடைக்காதா சார்?"

"புளிப்பு கம்மியா இருக்கும்னாங்க."

சிரித்தார். இவர் நம்பவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், நரைத்த தலை, பைல், மேல் பட்டன்—இப்படி ஒருவன் பொய் சொல்வான் என்றும் அவரால் எழுத முடியாது. எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

அவர் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். அறைக் கதவருகே ஜானட் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியாது.

"அப்பா, தோசை ஊத்தட்டுமா?" என்றாள்.

பதினான்கு நாளில் முதல் பேச்சு. இரண்டு தோசை சாப்பிட்டேன். மாவு நன்றாகப் புளித்திருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

முதல் ஓலை. ஜெரி, ஞானப்பிரகாசத்தின் மகன். ஜானட், அருள்நாதனின் மகள். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றபோது பங்குத்தந்தை என் பக்கம் பார்த்தாரா, அல்லது நான்தான் அப்படி நினைத்தேனா?

செப்டம்பர் 18

ஜெரி சொன்னது உண்மைதானா என்று இன்று மீண்டும் தோன்றியது. இனிமேல் தெரியப்போவதில்லை. நான் எழுதிக் கொடுத்ததும் அந்தக் கட்டில் ஒரு தாளாகச் சேர்ந்திருக்கும். நாளைக்கு எவனாவது என்னைப் போல் ஒருவன் தேடி எடுத்து, பென்சிலால் கோடிட்டு, இதுதான் நடந்தது என்பான்.

செப்டம்பர் 22

இரண்டாம் ஓலை. மழை.

செப்டம்பர் 29

மூன்றாம் ஓலை. யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. செங்கொடி இரண்டு பெண்களோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைகூப்பினார். நானும் கூப்பினேன்.

நவம்பர் 5, செவ்வாய்

கண் பரிசோதனை. ஜானட்டுக்குப் பகல் பணி. ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றேன். ஜெரி பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். இன்னும் "சார்" என்றுதான் கூப்பிடுகிறான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு ஆள் போகும் அளவு இடம். அதில் போனான். எனக்கு வேகமாகத்தான் பட்டது.

அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.